காவற்றுறையும் வெப்பக்கண்ணும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் மேற்குத் துறைக்கு வழங்கும் ஊர்காவற்றுறை என்னும் பெயரைக் கேட்பவர் அதனை ஊர், காவல், துறை என மூன்றாகப் பிரித்துப் பொருள்கொள்வது இயல்பு. ஆயினும் 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அத்துறை ஊராத்துறை என்றே குறிக்கப்படுவதால், காவல் என்ற சொல்லைப் பிற்காலத்து மக்கள், அத்துறையின் தொழிலைக் கண்டு, பெயருக்குள் புகுத்தினர் எனக் கருத இடமுண்டு. போர்த்துக்கேயர் அதனைப் படகணையும் மேடை என்னும் பொருளில் தம் மொழியில் அழைத்த சொல்லே ஆங்கிலேயர் வாயில் கயிற்ஸ் எனத் திரிந்தது. சிங்களத்தில் அதற்கு ஊராத்தொட்ட என்று பெயர். ஊரா என்பது அம்மொழியில் பன்றியைக் குறிக்கும்.

இத்துறை அமைந்துள்ள வேலணைத்தீவை ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லெய்டன் என்றனர். துறையிலிருந்து தென்கிழக்காகத் தீவின் உட்புறம் செல்பவர் நாரந்தனை, புளியங்கூடல், சரவணை முதலிய ஊர்களைக் காண்பார். பனையும் வயலும் கோயிலுமாக அமைந்த இவ்வூர்களில் கோட்டையோ வெளிச்சவீடோ எழவில்லை. ஊர்காவற்றுறை என்ற பெயரை மக்கள் பிரிப்பதுபோல் பிரித்தால், அதில் முதலில் நிற்கும் ஊர் எனத் தக்கவை புளியங்கூடல் போன்ற இந்த உள்ளூர்களே. கடலைக் கண்காணிக்கும் பொறுப்பும் அதற்கான செலவும் ஆட்சிதோறும் கைமாறி வந்துள்ளன. அச்செலவின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது: பார்க்கும் கண்ணைவிட அக்கண் அமரும் இருக்கைக்கே பொருள் மிகுதியாகச் செலவாகிறது, ஆகவே காவலைச் சிக்கனமாகப் புதுப்பித்தவர்கள் பெரும்பாலும் பழைய இருக்கையில் புதிய கண்ணை வைத்தவர்களே. நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் இராணுவச் செய்மதிகளுக்கும் இது பொருந்தும் என்பதைக் காட்ட, கதையைக் கல்லிலிருந்து தொடங்குவதே முறை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம், அவர்கள் காக்கப்படவேண்டும் என்று கூறும் அவ்வாணை, கலம் உடைந்தால் சரக்கு யாருக்கு என்ற வழக்குக்கும் விடை சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். பிற வாணிகக் கலம் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கு. குதிரை வணிகனுக்கு அரசன் காட்டிய தனிச் சலுகைக்குக் காரணம் படைத்தேவை என்பது வெளிப்படை. ஆனால் இவ்விதி நடைமுறைக்கு வர வேண்டுமானால், எந்தக் கலம் எப்போது எங்கே உடைந்தது, அதில் ஏற்றியிருந்தது எது என்பதைக் கரையில் ஒருவன் பார்த்திருக்க வேண்டும். கல்வெட்டு அவனைக் குறிப்பிடவில்லையாயினும் அவனின்றி அந்த நாலிலொரு பங்குக் கணக்கு நடவாது.

அதே துறையை எதிர்க்கரையிலிருந்தும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களில் படைதிரட்டிக் கப்பல் கட்டுகிறான் என்று அறிந்து, அண்ணன் பல்லவராயர் என்னும் அதிகாரி பராக்கிரமபாகுவின் உறவினனான சீவல்லவனைப் படையோடு அனுப்பி அவ்வேற்பாடுகளைக் குலைத்ததைப் பதிவு செய்கிறது. படை கரையேறிய பின் அடித்துத் துரத்துவதற்கு மாறாக, கப்பல் கட்டும் கொட்டிலிலேயே அதனைக் கண்டறிந்து முந்திக்கொண்ட இச்செயலை இன்றைய இராணுவ மொழியில் முன்னெச்சரிக்கை என்பர். வடக்கே 60 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் கோடிக்கரை இருப்பதால், அச்செய்தி ஒற்றர் வழியாகவோ வணிகர் வழியாகவோ தோணியேறித்தான் சென்றிருக்க வேண்டும். அவ்வளவு தொலைவுக்கு எந்தக் கண்ணும் எட்டாது.

ஏன் எட்டாது என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. பூமி உருண்டையாதலால், பார்ப்பவன் நிற்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை மூன்றரையால் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றரில் உள்ளது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். கரையில் நிற்பவனுக்கு அது 5 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். 10 மீற்றர் மதிலில் நிற்பவனுக்கு 11 கிலோமீற்றர். 20 மீற்றர் பனையின் வட்டுக்குள் இருப்பவனுக்கு 16 கிலோமீற்றர். தீவகம் முழுவதும் இத்தகைய கோபுரங்கள் செலவின்றி முளைத்து நிற்கின்றன. அவற்றின் உச்சிக்குக் கள் இறக்கவும் நுங்கு வெட்டவும் ஏறுபவரே கோட்டைக் காவலனைவிடத் தொலைவு கண்டனர் என்பது வேடிக்கையானாலும் கணக்கு அதுவே.

இரவில் கண்ணுக்கு உதவியது தீ. கோடிக்கரையில் சோழர் காலத்தது எனக் கூறப்பட்டு, 2004 சுனாமியில் அழிந்துபோன பழைய கலங்கரை விளக்கம் முதல், நெடுந்தீவின் தென்கோடியில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய குவிந்தா என்னும் பழங்கால வழிகாட்டிக் கோபுரம் வரை, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இத்தகைய அடையாளங்கள் நின்றன. விறகுத் தீ வீசும் கதிரில் மிகச் சிறு பகுதியே கண்ணுக்குப் புலனாகும் ஒளி. எஞ்சியதில் பெரும்பங்கு செங்கீழ்க் கதிராக, அதாவது தமிழகத்தில் அகச்சிவப்புக் கதிர் எனப்படும் வெப்பக் கதிராக, கண்ணுக்குத் தெரியாமல் பரவிப்போயிற்று. 1800 இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ணாடிப் பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, சிவப்பு நிறம் முடிந்த இடத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டபோதுதான் அப்படியொரு கதிர் உண்டென்பதே உலகுக்குத் தெரிந்தது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் காவல் கல்லாக இறுகிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான நீர்வாயின் நடுவே, சிறு திட்டொன்றில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை உள்ளூர் மக்கள் கடற்கோட்டை என்றும், பூதத்தம்பி என்னும் பழந்தலைவனின் கதையோடு இணைத்துப் பூதத்தம்பிக் கோட்டை என்றும் அழைப்பர். நாற்புறமும் நீர் சூழ்ந்த அதனைப் படகாலன்றி அணுக இயலாது. யாழ்ப்பாணக் கடலேரிக்குள் நுழையும் கலம் அதன் பீரங்கிக்குத் தப்பவும் இயலாது. இவ்வளவு வலிமையான காவலுக்கு ஒரேயொரு குறை இருந்தது: அத்திட்டில் குடிநீர் இல்லை, மழைநீரைச் சேமித்த தொட்டி ஒன்றையே முழுக்காவற்படையும் நம்பியிருந்தது. 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது அத்தொட்டி குண்டடிபட்டுச் சிதைந்தது; மதில் நின்றபடி நிற்க, தாகம் தாளாமல் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தனர். பெருஞ்செலவில் கட்டிய ஒற்றைக் காவலிடம் ஒற்றைத் தொட்டியால் வீழ்ந்த இந்நிகழ்ச்சி, மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் வாசிங்டனில் நடந்த வாதங்களைப் படிப்பவருக்கு மீண்டும் நினைவுக்கு வரும்.

வென்ற ஒல்லாந்தர் புதிய கோட்டை தேடவில்லை. இருந்ததைத் திருத்திக்கொண்டு, ஹம்மன்ஹீல் என்று பெயர் மட்டும் புதிதாக இட்டனர். இலங்கைத் தீவு உப்பிட்ட பன்றித்தொடை போன்ற வடிவினது, அதன் குதிகால் இங்கே உள்ளது என்பது அப்பெயரின் பொருள். சிங்களப் பெயரிலும் ஒல்லாந்தப் பெயரிலும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பன்றி புகுந்திருப்பது தற்செயலே. நெடுந்தீவிலிருந்து செய்தி அனுப்ப அவர்கள் புறாக்களைப் பயன்படுத்தினர் என்று கூறப்படுகிறது. மாடங்களோடு கூடிய புறாக்கூடு இன்றும் அங்கு நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் கடற்கோட்டை சிறையாயிற்று. காரைநகர்க் கோவளத்தில் 1916 இல் 30 மீற்றர் உயர வெளிச்சவீடு எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1952 இல் இந்தியாவிலிருந்து அனுமதியின்றிக் கடல்வழி வருவோரைத் தடுக்க வடகரையில் இராணுவம் நிறுத்தப்பட்டு, 1963 இல் அது தனிப் படைப்பிரிவாக விரிந்து 1981 வரை நீடித்தது. கள்ளத்தோணி என்னும் சொல் அக்காலத்தில் தோணியைவிட்டு இறங்கி, மலையக மக்கள்மீது வசையாக ஏறியமை, அக்காவல் விட்டுச்சென்ற தழும்பு. பின்னர்ப் போர் வந்தபோது, 1990களின் தொடக்கத்தில் தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர்; புளியங்கூடல் உட்படப் பல ஊர்களில் வீடுகள் பூட்டிக்கிடந்தன. துறையில் காவல் இருந்தது, ஊர் இல்லை.

மேலிருந்து பார்க்கும் காவல் 1960இல் தொடங்குகிறது. ஏவுகணை புறப்படும்போது அதன் வாலில் எரியும் வாயுவின் வெப்பத்தைச் செங்கீழ்க் கதிர் உணரியால் கண்டறிய, அமெரிக்கா மைடாஸ் என்ற செய்மதிகளைத் தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் ஏவத் தொடங்கியது. செய்மதி என்பது தமிழகத்தார் செயற்கைக்கோள் என்பதற்கான இலங்கை வழக்கு. முகிலின் உச்சியில் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் ஏவுகணைத் தழலையும் வேறுபிரித்தறிய அவை தொடக்கத்தில் திணறின. 1963 மே மாதத்தில் ஏவிய ஏழாவது மைடாஸ்தான் உண்மையான ஏவுதல்களைக் கண்டது. இதே நுட்பம் வானிலைக்கும் திருப்பப்பட்டது. இரவிலும் முகிற்கூட்டத்தைச் செங்கீழ்க் கதிரால் படம்பிடிக்கும் நிம்பஸ் 1 செய்மதி 1964 ஓகஸ்ட் 28 இல் ஏவப்பட்டு, சூரியத் தகட்டைத் திருப்பும் பொறி இறுகியதால் செப்டெம்பர் 23 இல் ஓய்ந்தது. மூன்று மாதம் கழித்து, டிசெம்பர் 22 இரவில், தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடக்கையும் நீரிணையையும் உலுக்கியபோது அந்தக் கண் மூடியிருந்தது.

தாழப் பறக்கும் செய்மதி ஓரிடத்துக்கு மேல் சில நிமிடங்களே நிற்கும். இடைவிடாது பார்க்க வேண்டுமானால் பல செய்மதிகள் வேண்டும். பூமி சுழலும் அதே வேகத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேல் சுற்றும் செய்மதி ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். உலகின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதன் பார்வைக்குள் அடங்கும். இவ்வழியைத் தேர்ந்த பாதுகாப்பு உதவித் திட்டம், சுருக்கமாக டி.எஸ்.பி., 1970 நவம்பரில் முதற் செய்மதியை ஏவி, 2007 வரை மொத்தம் 23 செய்மதிகளை அனுப்பியது. அவற்றுள் கிழக்கு அரைக்கோளத்துக்கென ஒன்று இந்துமாக்கடலுக்கு மேலே நிறுத்தப்பட்டது. சோவியத் நாட்டையும் சீனாவையும் நோக்கி அமைந்த அதன் வட்டத்துக்குள் இலங்கையும் விழுந்தது; பனையோலைச் சொக்கப்பனை எரியும் கார்த்திகை இரவில் புளியங்கூடலும் அதன் முன்னே விரிந்தே கிடந்தது, அவ்வளவு சிறிய தீ அதற்குப் புலப்படாது என்றபோதிலும்.

இச்செய்மதியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. அதன் தொலைநோக்கி உடலின் அச்சுக்குச் சற்றுச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். செய்மதி முழுவதும் நிமிடத்துக்கு ஆறுமுறை சுழலும். எனவே பத்துச் செக்கனுக்கு ஒருமுறை, வரிசையாக அடுக்கிய ஈய சல்பைட்டு உணரிகள் கீழேயுள்ள பூமியை ஒரு தடவை துடைத்தெடுக்கும். கோவளத்து வெளிச்சவீட்டைத் தலைகீழாக்கியது போன்ற பொறி இது: அது ஒளியை வீசும், இது வெப்பத்தை வாங்கும். உணரிகள் பார்த்த முதன்மை அலைநீளம் 2.7 மைக்ரோமீற்றரை ஒட்டியது. வளியிலுள்ள நீராவி அந்த அலைநீளத்தை உறிஞ்சிவிடுவதால் தரையிலிருந்து தெறிக்கும் வெயில் மேலே எட்டாது. ரொக்கெட்டின் தழலும் அதே அலைநீளத்தில் பலமாக ஒளிர்வதால், அது அடர்ந்த கீழ்வளியைக் கடந்த கணத்தில் இருண்ட திரையில் வைத்த பொட்டுப்போல் தெரியும். மைடாஸைக் குழப்பிய முகில் வெயிலுக்கு எதிராக வளியையே வடிகட்டியாக்கிய உத்தி இது. மிக உயர்ந்த முகில்களுக்கு மேல் அத்தகைய வடி குறைவு. 1983 செப்டெம்பர் 26 இல், சோவியத்தின் ஓகோ, அதாவது கண், என்னும் எச்சரிக்கை முறைமை அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவியதாக அறிவித்ததும் உயர்முகிலில் தெறித்த வெயிலால்தான். அன்றிரவு பணியிலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், ஐந்தே ஐந்தோடு யாரும் போர் தொடங்க மாட்டார்கள் என்று எண்ணி அதனைப் பொய் அறிவிப்பாகக் கொண்டார்.

செலவைப் பொறுத்தவரை டி.எஸ்.பி. ஒல்லாந்தர் வழியைப் பின்பற்றிற்று. அடிப்படை உருவத்தை மாற்றாமல், 2,000 உணரிகளை 6,000 ஆக்கி, மின்வலுவைக் கூட்டி, ஒன்றேகால் ஆண்டு ஆயுளுக்கென வடிவமைத்ததைப் பல ஆண்டு உழைக்கச் செய்து, படிப்படியாக அதனை வளர்த்தனர். 900 கிலோகிராம் அளவில் தொடங்கிய செய்மதி இறுதியில் 2,300 கிலோகிராமைத் தாண்டியது. 1991 வளைகுடாப் போரில், கண்டங்கடந்த ஏவுகணைக்கெனச் செய்த அதே கண் ஈராக்கின் குறுந்தூர ஸ்கட் ஏவுகணைகளையும் கண்டறிந்தது. ஆனால் பழைய வீட்டுக்கு ஒட்டுப்போடுவது போதாது, புது மாளிகையே வேண்டும் என்ற ஆசை இடையறாது எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் மாறிய சில திட்டங்கள் காகிதத்திலேயே கைவிடப்பட்ட பின், 1996 இல் விண்வெளிச் செங்கீழ்க் கதிர் முறைமை என்னும் சிபர்ஸ் திட்டத்துக்கு ஒப்பந்தமாயிற்று. பூமியைத் துடைக்கும் உணரி ஒன்று, ஓரிடத்தை விடாது உற்றுநோக்கும் உணரி ஒன்று என இரு கண்களை ஒரே செய்மதியில் ஏற்றியதும், ஒவ்வொரு படைப்பிரிவின் தேவையையும் அதிலேயே திணித்ததும் விலையை ஏற்றின. 400 கோடி டொலர் அளவில் மதிப்பிட்ட செலவு 1,000 கோடியைத் தாண்டியது. 2002 இல் பறக்க வேண்டிய முதற் புவிநிலைச் செய்மதி 2011 மே மாதத்தில்தான் பறந்தது. செலவு ஏறிய பின் எண்ணிக்கையைக் குறைப்பதும், எண்ணிக்கை குறைந்ததால் ஒவ்வொன்றின் மதிப்பும் மேலும் ஏறுவதும், மதிப்பு ஏறியதால் எதையும் புதிதாகச் சோதித்துப் பார்க்க அஞ்சுவதும் ஒரு சுழலாயின.

அச்சுழலிலிருந்து வெளியேற முயன்றவர்கள் கண்ட வழி குடிக்கூலி. அதே ஆண்டு செப்டெம்பரில், எஸ்.ஈ.எஸ். 2 என்ற வணிகத் தொலைத்தொடர்புச் செய்மதியில் அமெரிக்க விமானப்படை தன் செங்கீழ்க் கதிர் உணரி ஒன்றை ஏற்றி அனுப்பியது. சிர்ப் எனச் சுருங்க அழைத்த அவ்வுணரிக்குத் தனி ரொக்கெட் இல்லை, தனி உடல் இல்லை, சூரியத் தகடும் சொந்தமில்லை. இவை அனைத்தும் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கெனக் கட்டியவை, அதில் இராணுவம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தது. அகன்ற பரப்பை அசையாது நோக்கும் உணரி விண்வெளியில் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு, 2013 டிசெம்பர் வரை 27 மாதம் இயங்கி, சிபர்ஸ் செலவில் மிகச் சிறு பகுதியிலேயே அது விடை கொடுத்தது.

அமெரிக்கர் இதனைப் புதுமை எனக் கொண்டாடியபோதும், நீரிணையின் வடகரையில் இவ்வேற்பாடு முப்பது ஆண்டு பழையது. 1983 இல் பறந்த இன்சாட் 1பி, தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆகிய மூன்றையும் ஒரே உடலில் சுமந்தது. ஒரு நேரத்தில் ஒரு செய்மதிக்கே பொருள் உள்ள நாடு, புயலைப் பார்க்கும் செங்கீழ்க் கதிர்க் கண்ணுக்கெனத் தனி இருக்கை கட்ட இயலாமல், செய்தியும் திரைப்படமும் அஞ்சல் செய்யும் உடலிலேயே அதனை அமர்த்தியது. வறுமை கற்பித்த வடிவமைப்பு என்று இதனைச் சொல்லலாம். வானிலைக்கெனவே தனிச் செய்மதியாகக் கல்பனா 1 பறந்தது 2002 இல்தான். 2013 இல் ஏவிய இன்சாட் 3டி முதலான பின்வந்தவை கடலின் மேற்பரப்பு வெப்பத்தை நாள்தோறும் அளக்கின்றன. அத்தகைய அளவீடுகளைக் கொண்டு, ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் திரளும் இடங்களை இந்திய மீனவருக்கு அறிவித்துவருகிறது.

இராணுவக் கண் இப்போது தொடங்கிய இடத்துக்கே மீண்டிருக்கிறது. 2019 இல் அமைந்த அமெரிக்க விண்வெளி மேம்பாட்டு முகமை, 1,000 கிலோமீற்றர் உயரத்தில், ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள் கொண்ட சிறு செய்மதிகளைத் திரளாக ஏவி, ஈராண்டுக்கொரு முறை அடுத்த தலைமுறையை அனுப்பும் முறையை மேற்கொண்டது. 2023 ஏப்பிரலுக்கும் 2024 பெப்ரவரிக்கும் இடையே ஏவிய முதல் தொகுதியில் ஏவுகணையைப் பின்தொடரும் செய்மதிகள் எட்டு இருந்தன. மைடாஸ் காலத்தில் பல செய்மதிகள் வேண்டும் என்பதே தாழ்ந்த பாதைக்கு எதிரான வாதமாயிருந்தது. உருவாக்கும் செலவும் ஏவும் செலவும் குறைந்த பின் அதுவே ஆதரவான வாதமாயிற்று, ஏனெனில் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினாலும் மற்றவை பார்த்துக்கொண்டிருக்கும். ஒற்றைத் தொட்டியை நம்பிய கோட்டைக்கும் ஊரெங்கும் கிணறு தோண்டிய தீவுக்கும் உள்ள வேறுபாடு இது. எனினும் பெரிய புவிநிலைச் செய்மதிகளை அவர்கள் விட்டுவிடவில்லை. சிபர்ஸின் ஆறாவதும் இறுதியானதுமான புவிநிலைச் செய்மதி 2022 ஓகஸ்டில் ஏவப்பட்டது, அதன் அடுத்த தலைமுறைக்கான வேலையும் நடக்கிறது.

கடற்கோட்டை இன்னும் நீர்வாயின் நடுவே நிற்கிறது. 1971 கிளர்ச்சியின்போது அதன் தலைவர் றோகண விஜேவீர சிறைவைக்கப்பட்டிருந்த அந்த மதில்களுக்குள் இப்போது உல்லாசப் பயணிகள் அறை எடுத்துத் தங்குகின்றனர். விடுதியை நடத்துவது, எதிரே காரைநகரில் தளம் கொண்டுள்ள கடற்படை.